வறியோர் வாசலில் வரிச்சீட்டு

வரி என்றதும் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, பொருளியல் வகுப்பில் நாம் படிக்கும் ஆதம் சுமித்தின் நான்கு வரிக் கோட்பாடுகள். மற்றொன்று, கையில் ரசீதுப் புத்தகத்துடன் திண்ணையில் வந்து அமரும் ஊராட்சி எழுத்தர். முன்னது தேர்வில் பத்து மதிப்பெண் பெற்றுத் தரும். பின்னது அஞ்சறைப்பெட்டியில் ஒளித்து வைத்த பணத்தை வெளியே எடுக்க வைக்கும். புத்தகத்திலுள்ள கோட்பாடும் அஞ்சறைப்பெட்டியிலுள்ள பணமும் சந்திக்கும் இடத்தில் என்ன நேர்கிறது என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியைக் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நிகழ்ச்சி நடந்த இடம் நம் நாடன்று, அயர்லாந்து. குடிசையாயினும் மாளிகையாயினும் வீட்டுக்கு ஒரே தொகை என்று 2012-ஆம் ஆண்டு வரி விதித்து, ஒன்றரை ஆண்டுக்குள் அதைக் கைவிட்ட நாடு அது. அதே வீடுகளின் மீது தொலைக்காட்சி உரிமக் கட்டணம் என்ற மற்றொரு சுமையும் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒரு சிற்றூர்க் குடும்பத்தின் கணக்கு நமக்கு விளங்கும்.

அயர்லாந்தின் சிற்றூரை நம் சிற்றூரைப் போல் எண்ணிவிடக் கூடாது. நம் ஊர்களில் வீடுகள் தெருத் தெருவாக ஒட்டி நிற்கும். அங்கோ சாலையோரத்திலும் வயல் நடுவிலும் ஒற்றை ஒற்றையாக வீடுகள் சிதறிக் கிடக்கும். பக்கத்து வீடு கூப்பிடு தூரத்தில் இருந்தால் அதுவே நல்வாய்ப்பு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்களுள் ஏறக்குறைய 38 விழுக்காட்டினர் இத்தகைய நாட்டுப்புறங்களில் வாழ்ந்தனர். மேற்குக் கரையிலுள்ள மேயோ, லீட்ரிம், டோனகல் போன்ற மாவட்டங்களில் நிலம் சதுப்பும் பாறையுமாக இருக்கும். சில மாடுகள், சில ஆடுகள், ஆண்டு முழுதும் மழை. இதுவே அங்குள்ள சிறு விவசாயியின் உலகம். வீடுகள் சிதறிக் கிடப்பதால் பொதுச் சாக்கடை இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தமாகச் செப்டிக் டாங்க் உண்டு. பல வீடுகளுக்குச் சொந்தக் கிணறு. மற்றவர்கள் அக்கம்பக்கத்தார் கூடி அமைத்துக்கொண்ட குழுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து தண்ணீர் பெறுகின்றனர். தெருவே இல்லாத இடத்தில் தெருவிளக்கு எங்கிருந்து வரும்? இந்தச் செய்தியை மனத்தில் கொள்க, பின்னர்த் தேவைப்படும்.

இந்நாட்டில் வீட்டு வரி புதியதன்று. 1838-ஆம் ஆண்டின் ஏழையர் நலச் சட்டம் முதற்கொண்டே சொத்தின் மதிப்புக்கேற்ப உள்ளாட்சி வரி தண்டப்பட்டு வந்தது. 1977-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஃபியானா ஃபோல் கட்சி, குடியிருக்கும் வீடுகளுக்கு இவ்வரியை அறவே நீக்குவோம் என்று வாக்களித்துப் பெரும் வெற்றி பெற்றது; மறு ஆண்டே நீக்கியும் விட்டது. வரியை நீக்கிய கட்சிக்குக் கைதட்டல் கிடைத்தது. ஆனால், உள்ளாட்சி மன்றங்கள் தம் சொந்த வருவாயை இழந்து மைய அரசின் கையை எதிர்பார்க்கலாயின. பிறகு வந்த செழிப்புக் காலத்தில் வீடுகள் விற்கவும் வாங்கவும் பட்ட வேகத்தில் முத்திரைத்தாள் தீர்வையே கருவூலத்தை நிரப்பிற்று. அந்த வீட்டுச் சந்தை 2008-இல் சரிந்தது. வங்கிகள் தள்ளாடின, அவற்றின் கடனுக்கு அரசே பொறுப்பேற்றது. 2010-ஆம் ஆண்டு இறுதியில் ஐரோப்பிய ஒன்றியத்திடமும் பன்னாட்டு நிதியத்திடமும் பிற நாடுகளிடமுமாக 6,750 கோடி யூரோ கடன் பெற வேண்டிய நிலைமை அயர்லாந்துக்கு ஏற்பட்டது. கடன் கொடுத்தவர்கள் விதித்த நிபந்தனைகளுள் ஒன்று, வீட்டுச் சொத்துக்கு மீண்டும் வரி விதிக்க வேண்டும் என்பது.

சொத்துக்கு வரி விதிப்பதானால் வீடுதோறும் மதிப்புக் கணிக்க வேண்டும். அதற்குக் காலம் வேண்டும். கடன்காரரோ காத்திருக்க மாட்டார். எனவே இடைக்கால ஏற்பாடு ஒன்று செய்யப்பட்டது. 2011-இல் சட்டம் நிறைவேற்றி, 2012 சனவரி முதல் நாளிலிருந்து வீட்டு உரிமையாளர் ஒவ்வொருவரும் வீடொன்றுக்கு 100 யூரோ கட்ட வேண்டும் என்று ஆணையிட்டனர். ஏறக்குறைய 16 இலட்சம் வீடுகள்; ஆண்டுக்கு 16 கோடி யூரோ. கணக்கு எவ்வளவு எளிமையானது பாருங்கள்! கணக்கு எளிமையாக இருக்கும்போதெல்லாம் அதன் கடினம் வேறு யார் தலையிலோ விழுந்திருக்கிறது என்று ஐயுறுவது பொருளியல் மாணவனுக்கு நல்ல பழக்கம்.

யார் தலையில் விழுந்தது?

நூறு யூரோ என்பது எவ்வளவு? அதை ரூபாயாக மாற்றிச் சொல்வதால் பயனில்லை; அவ்வூர் வருவாயை வைத்தே அளக்க வேண்டும். 2012-இல் வேலையிழந்த தனி ஒருவருக்கு அரசு தந்த உச்ச உதவித்தொகை வாரத்துக்கு 188 யூரோ. வீட்டுக் கட்டணமாகிய 100 யூரோ அதில் பாதிக்கு மேல். அத்துடன் தொலைக்காட்சி உரிமம் 160 யூரோ. இரண்டும் சேர்ந்து 260 யூரோ. அதாவது ஏறக்குறைய பத்து நாள் பிழைப்பு. வாரத்துக்கு 2,000 யூரோ ஈட்டும் ஒருவருக்கோ இதே 260 யூரோ ஒரு நாள் வருவாய்கூட ஆகாது. எழுத்தில் ஒரே தொகை. எடையில் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு. வருவாய் உயர உயர வரியின் விகிதமும் உயர்ந்தால் அதனை வளர்வீத வரி என்கிறோம். வருவாய் குறையக் குறைய விகிதம் கூடுமானால் அது தேய்வீத வரி. எல்லாருக்கும் சமம் என்று சொல்லி விதிக்கப்படும் தலைக்கட்டு வரி எப்போதும் இந்த இரண்டாம் வகையில் போய்ச் சேர்வதே வழக்கம்.

விலக்கே இல்லையா எனின், உண்டு. வாடகைக்குக் குடியிருப்போர் கட்ட வேண்டியதில்லை. வீட்டுச் சொந்தக்காரர் கட்டினார். வீட்டுக்கடன் வட்டிக்கு அரசின் உதவி பெற்றோருக்கு விலக்கு. கட்டி முடிக்காமல் பாதியில் நின்ற குடியிருப்புத் தொகுதிகளுக்கு விலக்கு. ஆனால் தந்தை விட்டுச் சென்ற நாட்டுப்புற வீட்டில் வேலையின்றி இருந்தவனுக்கு விலக்கு இல்லை. சொந்த வீடு இருக்கிறதே! அவ்வாண்டில் வேலையின்மை ஏறக்குறைய 15 விழுக்காடு என்பதையும், கட்டுமானத் தொழில் படுத்தபோது வேலை இழந்தவர்களுள் நாட்டுப்புற இளைஞர் பலர் என்பதையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆதம் சுமித்தின் மூன்றாம் கோட்பாடு வசதிக் கோட்பாடு. வரி செலுத்துபவனுக்கு எந்த நேரமும் எந்த முறையும் வசதியோ அவ்வாறே வரி தண்டப்பட வேண்டும் என்பது அதன் கருத்து. இந்த வீட்டுக் கட்டணத்தை இணையத்தின் வழியாகக் கட்டலாம், காசோலை அனுப்பலாம், மாவட்ட மன்ற அலுவலகத்துக்குச் சென்றும் கட்டலாம். இணையமும் காசோலையும் அறியாத கிழவர் என்ன செய்வார்? மாவட்ட மன்றத்துக்கு முப்பது நாற்பது மைல் போக வேண்டும். ஊரில் அவருக்குப் பழகிய ஒரே அரசு வாசல் அஞ்சலகம். அந்த அஞ்சலகத்தில் கட்ட வழி செய்யப்படவில்லை! காலக்கெடு 2012 மார்ச்சு 31. தவறினால் ஆறு மாதத்துக்குள் பத்து விழுக்காடு, ஓராண்டுக்குள் இருபது, அதன் பின் முப்பது விழுக்காடு தண்டம். அதற்கு மேல் மாதம் ஒரு விழுக்காடு வட்டி.

காலக்கெடு வந்தபோது நாட்டில் ஏறக்குறைய பாதி வீட்டார்தாம் பதிவு செய்திருந்தனர். அன்று ஆளுங்கட்சியாகிய ஃபினா கேலின் மாநாடு டப்ளினில் நடைபெற்றது. மாநாட்டு மண்டபத்தின் வாசலில் பல்லாயிரவர் திரண்டு எதிர்ப்புக் குரல் எழுப்பினர். கட்ட மாட்டோம் என்று நாடாளுமன்ற உறுப்பினர் சிலரே வெளிப்படையாக அறிவித்தனர். கட்டியவர் விகிதம் குறைவாக இருந்த மாவட்டங்களுள் டோனகல் ஒன்று. சுற்றுச்சூழல், உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்த பில் ஹோகன், வசூல் குறைந்த மன்றங்களுக்கான நிதியில் ஒரு பகுதியை நிறுத்தி வைத்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் நடந்ததுதான் மாணவராகிய நம்மைத் தொடுவது. கிளேர் மாவட்ட மன்றம், கல்லூரிக் கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்தவர்களிடம், உங்கள் வீட்டுக் கட்டணம் கட்டியதற்குச் சான்று தருக என்று கேட்டது. தந்தை வரி கட்டவில்லை என்றால் மகன் படிக்கக் கூடாதா? அங்கும் இக்கேள்வி பலமாக எழுந்தது. விண்ணப்பப் படிவத்துடன் சான்றிதழ்களைத் தேடி அலைந்த நம் நண்பர்களுக்கு இதன் கனம் நான் சொல்லாமலே விளங்கும்.

எதற்காகக் கொடுக்கிறோம்?

இக்கட்டணம் நூலகம், தீயணைப்பு, பூங்கா, தெருவிளக்கு முதலிய உள்ளூர்ப் பணிகளுக்காக என்று அரசு விளக்கம் கூறியது. நகரத்தார்க்கு இது ஓரளவு பொருந்தும். பூங்காவும் தெருவிளக்கும் இல்லாத நாட்டுப்புறத்தான் என்ன எண்ணுவான்? கிணறு அவனுடையது, கழிவுநீர்த் தொட்டி அவனுடையது, குப்பைக்குத் தனியார் வண்டிக்குத் தனியே கட்டணம் கொடுக்கிறான். அதே 2012-ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் குளிர்கால எரிபொருள் உதவி 32 வாரங்களிலிருந்து 26 வாரங்களாகக் குறைக்கப்பட்டது. 2013 தொடக்கத்தில் ஏறக்குறைய 100 ஊர்க் காவல் நிலையங்கள் மூடப்பட்டன. கேட்பது கூடுகிறது, கொடுப்பது குறைகிறது என்ற எண்ணம் அவன் மனத்தில் ஏற்பட்டதில் வியப்பில்லை.

இந்த நேரத்தில்தான் செப்டிக் டாங்குக்கும் கட்டணம் வந்தது. இதன் பின்னணியை நடுநிலையோடு சொல்ல வேண்டும். பழுதான தொட்டிகளிலிருந்து கசியும் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, பக்கத்துக் கிணறுகளைக் கெடுக்கிறது. அயர்லாந்து இதைக் கண்காணிக்கத் தவறிவிட்டது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2009 அக்டோபரில் தீர்ப்பளித்தது. முன்னரே தனக்கென விதிமுறை வகுத்திருந்த கேவன் மாவட்டம் மட்டும் அதிலிருந்து தப்பியது. எனவே ஏறக்குறைய ஐந்து இலட்சம் நாட்டுப்புற வீடுகளின் தொட்டிகளைப் பதிவு செய்ய 2012-இல் சட்டம் வந்தது. பதிவுக் கட்டணம் முதலில் 50 யூரோ என்றார்கள். கூச்சல் எழுந்ததும், செப்டம்பர் 28-க்குள் பதிவு செய்தால் 5 யூரோ போதும் என்று இறங்கினார்கள். உண்மையில் மக்கள் அஞ்சியது ஐந்துக்கோ ஐம்பதுக்கோ அன்று. ஆய்வாளர் வந்து தொட்டி சரியில்லை என்று எழுதிவிட்டால் பல்லாயிரம் யூரோ செலவாகுமே என்பதற்குத்தான். அதற்கு 4,000 யூரோ வரை மானியத் திட்டம் ஒன்று 2013-இல் வந்தது. மானியம் முதலில் வந்து, ஆய்வு பிறகு வந்திருந்தால் பாதிச் சண்டை நடந்திருக்காது என்பது என் கருத்து. பட்டணத்துச் சாக்கடைக்கு அன்று தனிக் கட்டணம் இல்லை என்பதும் நாட்டுப்புறத்தார் மனத்தை அறுத்தது. பின்னர், 2014-இல் பட்டணங்களுக்கும் தண்ணீர்க் கட்டணம் வந்தபோது நாடே கொந்தளித்தது. 2017-இல் கட்டியவர்களுக்குப் பணம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. குழுத் திட்டத்தில் நெடுங்காலம் பணம் கட்டியே தண்ணீர் குடித்த சிற்றூரார் இதை எப்படிப் பார்த்திருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

நிலைக்கட்டணத்தின் மீது அந்நாட்டுப்புறத்தாருக்கு உள்ள அச்சம் இன்று நேற்று வந்ததன்று. 1946 நவம்பரில் டப்ளின் மாவட்டத்துக் கில்சல்லகன் என்னுமிடத்தில் முதற் கம்பம் நடப்பட்டு ஊரக மின்மயத் திட்டம் தொடங்கிற்று. மின்சாரம் பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் வீட்டின் தரைப்பரப்புக்கேற்ப ஒரு நிலைக்கட்டணம் கட்ட வேண்டும் என்பது விதி. மக்கள் அதற்குத் ‘தரை வாடகை’ என்று பெயரிட்டனர். நிலக்கிழாருக்கு வாடகை கொடுத்து நொந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அல்லவா? ஒப்புதல் கையெழுத்து இட்டுவிட்டு, கம்பி இழுக்க ஆள் வந்தபோது வேண்டாம் என்று பின்வாங்கியவர் பலர். அவர்கள் வெளிச்சத்தை வெறுத்தவர் அல்லர். விளக்கை அணைத்து வைத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணக்கை அஞ்சியவர்கள். யூனிட் கட்டணமாயின் சிக்கனமாக இருந்து குறைக்கலாம். நிலைக்கட்டணத்தைச் சிக்கனத்தால் குறைக்க முடியாது. ஏழையின் ஒரே ஆயுதம் சிக்கனம்; நிலைக்கட்டணத்தின் முன் அது செல்லாது. அதற்குப் பின்னும் அந்நாட்டில் நாட்டுப்புற வீட்டின் மின் நிலைக்கட்டணம் நகர வீட்டினதைவிடக் கூடுதலாகவே வைக்கப்பட்டு வந்தது. நீண்ட தூரம் கம்பி இழுக்க வேண்டும் என்பது காரணம். காரணம் பொய்யன்று.

பெட்டிக்கும் ஒரு சீட்டு

இனி ஒலிபரப்புக் கட்டணத்துக்கு வருவோம். இது நமக்குப் புதிய செய்தியன்று. வானொலி வைத்திருப்போர் ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் உரிமம் பெற வேண்டும் என்ற முறையைப் பிரிட்டன் 1922-இல் தொடங்கியது. அதே அச்சில் அயர்லாந்து 1926-இலும் இந்தியா 1933-இலும் கம்பியில்லாத் தந்திச் சட்டங்கள் இயற்றின. வானொலிக்குப் பதினைந்து ரூபாய், தொலைக்காட்சிக்கு ஐம்பது ரூபாய் என்று கட்டி, லைசென்ஸ் புத்தகத்தில் முத்திரை வாங்கியதையும், சோதனைக்கு ஆள் வருகிறார் என்றதும் பெட்டியைப் போர்வைக்குள் மறைத்ததையும் நம் மூத்த பேராசிரியர்களைக் கேட்டால் சிரித்துக்கொண்டே சொல்வார்கள். நம் நாட்டில் அம்முறை 1980-களின் நடுவில் ஒழிந்தது. அயர்லாந்தில் வானொலிக்கு மட்டுமான உரிமம் 1972-இல் ஒழிந்தது. தொலைக்காட்சி உரிமம் ஒழியவில்லை.

அதன் தொகை 2008 முதல் 160 யூரோ. அஞ்சல் துறையாகிய ‘ஆன் போஸ்ட்’ தண்டுகிறது, பெரும்பகுதி ஆர்.டி.ஈ. என்னும் பொது ஒலிபரப்பு நிறுவனத்துக்குப் போகிறது. எழுபது வயது நிரம்பியோர்க்கும் ஊனமுற்றோர் சிலர்க்கும் இலவசம், வேலையற்றோர்க்கு இல்லை. 2009-ஆம் ஆண்டின் ஒலிபரப்புச் சட்டப்படி பெட்டி இருந்தாலே உரிமம் வேண்டும். ஆர்.டி.ஈ. நிகழ்ச்சியைப் பார்க்கிறீர்களா என்பது கேள்வியன்று. பெட்டி பழுதாகி மூலையில் கிடந்தாலும், பழுது பார்க்கக் கூடியதாயின், உரிமம் வேண்டும்! வேடிக்கை என்னவென்றால், கையிலுள்ள தொலைபேசியிலோ கணிப்பொறியிலோ அதே நிகழ்ச்சிகளைப் பார்ப்பவருக்கு உரிமம் தேவையில்லை. புதிய கருவியும் வேகமான இணையமும் உள்ள நகர இளைஞர் தப்புகிறார். பழைய பெட்டியை நம்பியிருக்கும் சிற்றூர்க் குடும்பம் அகப்படுகிறது.

அகப்பட்டால் முதல் குற்றத்துக்கு 1,000 யூரோ வரை அபராதம். 160 கட்ட முடியாதவர் ஆயிரத்தை எவ்வாறு கட்டுவார்? அபராதம் கட்டாமைக்காக ஆண்டுதோறும் சிலர் சிறைக்குப் போய், பெரும்பாலும் சில மணி நேரத்தில் வெளியே வந்தனர். காவலர் அழைத்துச் செல்லும் செலவே உரிமக் கட்டணத்தை விழுங்கிவிடும். வரி தண்டும் செலவு குறைவாக இருக்க வேண்டும் என்ற சிக்கனக் கோட்பாட்டை நினைத்தால் நகைக்கத் தோன்றும். சிறைக்குப் போனவரை நினைத்தால் தோன்றாது. அபராதத்தைத் தவணையில் கட்டும் சட்டம் 2016-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

வீட்டுக் கட்டணம் வந்த அதே 2012-இல் இன்னொன்றும் நேர்ந்தது. அக்டோபர் 24-ஆம் நாள் பழைய அலைமுறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு நாடு முழுதும் நிறுத்தப்பட்டது. கேபிளும் டிஷ்ஷும் உள்ள நகர வீடுகளுக்கு இது தெரியவே இல்லை. கூரைமேல் ஏரியல் வைத்துப் பார்த்தவர்கள் புதிய பெட்டி வாங்கினால்தான் படம் தெரியும். பெட்டிக்கு ஒரு செலவு, பார்க்க உரிமம், வீட்டுக்கு ஒரு கட்டணம், தொட்டிக்கு ஒரு பதிவு. இவற்றை எல்லாம் விதித்தது ஒரே அமைச்சகம் அன்று. ஒவ்வொரு அமைச்சகமும், நாங்கள் கேட்பது சிறு தொகைதானே என்றது. எல்லாச் சீட்டும் வந்து விழும் வாசல் ஒன்றே என்பதை எந்த அமைச்சகமும் கணக்கிடவில்லை. இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவதும் இதுதான்.

இத்தனைக்கும் பொது ஒலிபரப்பு வீண் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஐரிஷ் மொழி பேசும் மேற்குக் கரைச் சிற்றூர்களுக்கென 1972-இல் ஒரு வானொலியும், 1996-இல் ஒரு தொலைக்காட்சி நிலையமும் தொடங்கப்பட்டன. விளம்பரக்காரரை நம்பியிருந்தால் அச்சிறு மொழிக்கு நிலையம் கிடைத்திருக்குமா? தனி வீட்டில் வாழும் முதியவருக்கு மாலைச் செய்தியே துணை. மாவட்ட வானொலிகளில் நாள்தோறும் இறப்பு அறிவிப்பு வாசிப்பார்கள். யார் வீட்டுச் சாவுக்குப் போக வேண்டும் என்று அதைக் கேட்டே ஊரார் தெரிந்துகொள்வர். ஆனால் அந்த அறிவிப்பை வாசிப்பவை பெரும்பாலும் தனியார் மாவட்ட நிலையங்கள். உரிமப் பணத்தின் பெரும்பங்கு போவதோ தலைநகருக்கு.

பெட்டி இல்லாதவர் தப்புகிறார் என்பதால், பெட்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா வீடும் கட்ட வேண்டிய ‘பொதுச்சேவை ஒலிபரப்புக் கட்டணம்’ ஒன்றை அமைச்சர் பாட் ராபிட் முன்மொழிந்தார். 2013-இல் பொதுமக்கள் கருத்தும் கேட்கப்பட்டது. வீட்டுக் கட்டணத்தில் சுட்ட விரல் ஆறாத நேரம். திட்டம் 2015-க்குள் கைவிடப்பட்டது.

மாற்றம் வந்தது, மனக்குறை தீர்ந்ததா?

நூறு யூரோக் கட்டணத்துக்குப் பதிலாக 2013 சூலை முதல் உள்ளூர்ச் சொத்து வரி வந்தது. வீட்டு மதிப்பில் 0.18 விழுக்காடு என்று, படிப்படியான பிரிவுகளாக வகுத்தனர். மதிப்பு ஓர் இலட்சம் யூரோவுக்கு உட்பட்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 90 யூரோ. பத்து இலட்சத்தைத் தொடும் வீட்டுக்கு 1,755 யூரோ. முந்தைய ஆண்டில் இவ்விரு வீடுகளும் கட்டியது தலைக்கு நூறு! இந்த மூன்று எண்களை அருகருகே எழுதிப் பார்த்தால், தேய்வீத வரி என்பதற்குப் பாடநூல் தரும் இலக்கணத்தினும் தெளிவாக விளங்கும். அஞ்சலகத்திலும் கட்டலாம், ஊதியத்திலும் பிடித்துக்கொள்ளச் சொல்லலாம் என்று வழிகளையும் திறந்துவிட்டனர். இதனை முதலிலேயே செய்திருக்கலாமே எனின், கடன்காரர் கெடுவுக்குள் வீடுகளை மதிப்பிட முடியவில்லை என்பது அரசின் விடை. அவ்விடையில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் அவசரத்தின் விலையை யார் கொடுத்தது என்பதும் கேட்க வேண்டிய கேள்வியே.

சொத்து வரியும் குறையற்றதன்று. பாட்டன் கட்டிய பெரிய வீடு, வருவாய் சிறிது. இப்படிப்பட்ட விவசாயக் குடும்பங்கள் உண்டு. வீட்டின் மதிப்பை விற்றால்தான் பார்க்க முடியும். விற்றால் குடியிருக்க வேறிடம் இல்லை. தனியர் ஆண்டு வருவாய் 15,000 யூரோவுக்கும் தம்பதியர் வருவாய் 25,000 யூரோவுக்கும் மேற்படாதிருந்தால் வரியை ஒத்திவைக்கலாம் என்றனர். ஒத்திவைத்த தொகைக்கு அன்று ஆண்டுக்கு 4 விழுக்காடு வட்டி விதிக்கப்பட்டது. அது வீட்டின் மீதே கடனாக நிற்கும். வரிப் படிவங்கள் வந்த 2013 வசந்த காலம் எப்படிப்பட்டது தெரியுமா? முந்தைய கோடை முழுதும் மழை, வைக்கோல் காயவில்லை. மார்ச்சு, ஏப்பிரலில் கடுங்குளிர், புல் முளைக்கவில்லை. மாட்டுத் தீவனத்தைப் பிரிட்டனிலிருந்தும் பிரான்சிலிருந்தும் கப்பலில் கொண்டு வர வேண்டியதாயிற்று. மாட்டுக்குத் தீவனம் வாங்குவதா, படிவத்தை நிரப்புவதா என்ற நிலையில் மேயோ விவசாயி நின்றான். வரியின் அளவு சரியாக இருந்தும் வேளை தவறியது.

பழைய வீட்டுக் கட்டணத்தைக் கட்டாதிருந்தவரையும் விடவில்லை. பாக்கித் தொகை 200 யூரோவாக்கப்பட்டு, சொத்து வரியுடன் சேர்த்து வருவாய்த் துறையின் கைக்கு மாறியது. மாவட்ட மன்றத்தை எதிர்த்து நின்றவர்கள் வருவாய்த் துறையை எதிர்த்து நிற்கவில்லை. ஊதியத்திலேயே பிடித்துக்கொள்ளும் அதிகாரம் அதற்கு உண்டு.

தொலைக்காட்சி உரிமமோ இன்னும் நிற்கிறது. 2023 சூன் மாதத்தில், ஆர்.டி.ஈ. தன் உயர்ந்த ஊதிய நிகழ்ச்சியாளர் ஒருவருக்குக் கொடுத்த தொகையைக் குறைத்துக் காட்டி வந்தது வெளியாயிற்று. கட்டியவர் கொதித்தனர், புதுப்பிப்போர் தொகை சட்டென்று சரிந்தது. உரிமத்தை ஒழித்து வரிப்பணத்திலிருந்தே கொடுத்துவிடலாம் என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. அரசு 2024 சூலையில் முடிவு செய்தது: மூன்றாண்டுகளுக்கு 72.5 கோடி யூரோ நிதி உறுதி. உரிமக் கட்டணமும் தொடரும். பற்றாக்குறையைக் கருவூலம் ஈடு செய்யும்.

ஒரே தவணையில் 160 யூரோ கொடுக்க இயலாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. அஞ்சலகத்தில் 4 யூரோ விலையுள்ள சேமிப்புத் தலைகள் விற்கிறார்கள். வாரம் ஒன்றாக வாங்கி அட்டையில் ஒட்டி வந்தால் நாற்பது தலைகளில் ஓர் ஆண்டு உரிமம் ஆயிற்று. சிறுகக் கட்டிப் பெருகச் சேர்க்கும் இம்முறை சிற்றூர்க் குடும்பத்தின் கைக்குப் பழகியது. இத்தனை கட்டணங்களுள் வசதிக் கோட்பாட்டுக்கு ஒத்தது இதுவொன்றே என்பேன். 2018-இல் ஊர் அஞ்சலக அதிகாரிகள் பலர் ஓய்வுத்தொகை பெற்று விலகியபோது, நூற்றைம்பதுக்கு மேற்பட்ட சிற்றூர் அஞ்சலகங்கள் மூடப்பட்டன. அவ்வூர்களில் தலை வாங்க அடுத்த ஊருக்குப் போக வேண்டும்.